இதர சாமான், பதினாலு டிரம்

"இதர சாமான்னா என்ன சாமான்?"

வக்கீல் பிரியதர்ஷினி சாதாரணமாகத்தான் கேட்டார். ஹசீனாவுக்குத்தான் வாய் வரவில்லை.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த மாடி ஹாலில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். லாரி புக்கிங் கிளார்க்குகள், எடைமேடை ஆட்கள், பார்சல் சர்வீஸ்காரர்கள். ஒருவரும் சட்டம் படித்தவர் இல்லை. சரக்குப் போக்குவரத்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் சொல்லித்தரும் இந்தச் சனிக்கிழமை வகுப்பே அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் நடந்தது. "நீங்க கோர்ட்டுல வாதாடணும்னு நான் வரல. பேனாவைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பயப்படணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்று முதல் நாளே பிரியதர்ஷினி சொன்னார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். ஹசீனாவும் சிரித்தாள்.

இன்று சுவரில் விழுந்த வெளிச்சத்தில் அவளுடைய எழுத்து ஆளுயரத்துக்குத் தெரிந்தது. அவரவர் ஆபீஸில் எழுதிய லாரி ரசீது ஒன்றைப் படமெடுத்து வகுப்பின் வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும் என்பது போன வார வீட்டுப்பாடம். ஹசீனா மறந்துபோனாள். இன்று காலை ஆறரை மணிக்கு எழுதிய ரசீதையே அவசரமாகப் படமெடுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

உப்பு, முந்நூறு மூட்டை. இதர சாமான், பதினாலு டிரம். போகுமிடம் ராணிப்பேட்டை, வழி ஆரணி. உப்புக்கு அனுப்புபவர் பெயர் இருந்தது. டிரம்முக்கு நேராக அந்தக் கட்டம் காலி.

கீழே 'ஹ. ஹசீனா' என்று நீல மையில் கையெழுத்து.

"அண்ணன் சொன்னாருங்க மேடம். அப்படியே எழுதிட்டேன்" என்றாள்.

ஹசீனாவின் கணவன் முஜீப் ரஹ்மானுக்குச் சவூதி தம்மாமில் வேலை போனதும், வெறுங்கையோடு திரும்பி வந்த தங்கை புருஷனிடம் அவள் அண்ணன் இப்ராஹீம் தன் லாரியின் சாவியைக் கொடுத்ததும் சென்ற வாரங்களில் நாம் பார்த்ததுதான். அந்தச் சாவியோடு சேர்ந்து ஹசீனாவுக்கும் அண்ணனின் புக்கிங் ஆபீஸில் ஒரு நாற்காலி கிடைத்தது. ரசீது எழுதுவது அவள் வேலை. "இதுக்குப் போய் எதுக்குச் சட்டம் படிக்கணும்? ஜட்ஜாகப் போறியா?" என்ற அண்ணனின் கேலியை வாங்கிக்கொண்டுதான் அவள் இந்த வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

"டிரம்மை நீங்க பார்த்தீங்களா?" என்றார் பிரியதர்ஷினி.

"பார்த்தேங்க. நீலக் கலர் இரும்பு டிரம். பழசு. விளிம்பெல்லாம் துரு. ஒரு பக்கம் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த மாதிரி இருந்துச்சு."

"சுரண்டி எடுத்த மாதிரியா?"

"கட்டம் கட்டமா... இல்ல, டைமண்ட் ஷேப்புல."

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி ஹசீனாவைப் பார்த்தார்கள். எடைமேடை ஐயப்பன் மட்டும், "அபாயமான சரக்குல ஒட்டற டைமண்ட் ஸ்டிக்கரைப் பத்தி மேடம் இப்பத்தானே பாடம் எடுத்தாங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

பிரியதர்ஷினி கையில் இருந்த பேனாவை மேசையில் வைத்தார். "ஏதாவது வாசனை வந்துச்சா, ஹசீனா?"

ஹசீனாவுக்கு நினைவு வந்தது. லோடு ஏற்றும்போது பூண்டு நாற்றம் அடித்தது. யாரோ ஊறுகாய் டப்பாவைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்து முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"பூண்டு வாசனை அடிச்சுதுங்க."

பிரியதர்ஷினியின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். ஐந்து வாரமாக ஒருமுறைகூட அந்த முகத்தில் பார்க்காத பயம்.

"கார்பைடு" என்றார் வக்கீல் மெல்ல. "மாம்பழம், வாழைப்பழம் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமா வாங்குவாங்களே, அந்தக் கல்லு. ஈரம் பட்டா கேஸ் வரும். டிரம்முக்குள்ள கேஸ் அடைஞ்சா ஒரு பொறி போதும். இப்படி ஒரு லாரி வெடிச்ச வழக்குல வக்கீலா நின்னிருக்கேன். மிஞ்சின லாரியை நேர்ல பார்த்தேன்." அவர் சுவரில் தெரிந்த ரசீதைத் திரும்பிப் பார்த்தார். "அந்த உப்பு மூட்டை காஞ்சிருந்துச்சா?"

வியாழக்கிழமை பெய்த மழையில் உப்பளத்துக் குவியல்கள் பாதி நனைந்திருந்தன. இன்னும் மழை வரும் என்று பயந்து, குவியலை மூடியிருந்த கீற்றைப் பிரித்து, ஈரத்தோடே மூட்டை பிடித்து ஏற்றினார்கள். லோடு ஏறும்போதே மூட்டைகளின் அடியிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டியது. டிரம்களை முதலில், கேபினை ஒட்டி அடுக்கச் சொன்னது இப்ராஹீம். வெளியே தெரியாதபடி அவற்றின் மேலும் பக்கத்திலும் மூட்டைகளைப் போட்டு, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, வண்டி கிளம்ப ஒன்பது மணி ஆயிற்று.

ஹசீனா இதையெல்லாம் சொல்லவில்லை.

"ஓட்டறது என் வீட்டுக்காரர்" என்று மட்டும் சொன்னாள்.

---

ஹசீனா கூப்பிடக் கூப்பிட முஜீபின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது அவன் போனைத் தொடமாட்டான். சவூதியில் பழகிய பழக்கம். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திய பிறகுதான் யாருக்கும் திரும்பக் கூப்பிடுவான். அந்தப் பழக்கத்துக்காக அவள் எத்தனையோ தடவை அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள்.

இன்று அவளுக்கு வேறொன்று தோன்றியது. வண்டியை ஓரம் கட்டினால் அவன் முதலில் செய்வது என்ன?

முஜீபுக்கு அல்சர். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. கேபினில் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன கேஸ் ஸ்டவ் இருக்கிறது. பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு எங்காவது நிழலில் நிறுத்தி, அதைப் பற்றவைத்து, அவள் கொடுத்தனுப்பிய கஞ்சியைச் சூடு பண்ணுவான்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது.

"லாரி இப்ப எங்க இருக்குன்னு தெரியணும். அது தெரியாம போன் பண்ணினா யாரை எங்க அனுப்புவாங்க?" என்றார் பிரியதர்ஷினி.

"ஜி.பி.எஸ். அண்ணன் போன்ல இருக்குது."

இப்ராஹீமுக்கு அடித்தாள். இரண்டு மணி அடித்ததும் கட்டானது. மறுபடி அடித்தாள். மறுபடி கட்டானது.

"ஆபீஸ் எவ்வளவு தூரம்?"

"ஸ்கூட்டியில அஞ்சு நிமிஷம்."

பிரியதர்ஷினி தன் பையைத் தோளில் மாட்டினார். மற்றவர்களைப் பார்த்து, "யாரும் அந்தப் போட்டோவை அழிக்காதீங்க" என்றார். அடுத்த நிமிஷம் அவர் ஹசீனாவின் பின்னால் ஸ்கூட்டியில் இருந்தார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று எதிர்த்து அடித்தது. இடது பக்கம் உப்பளம் வெள்ளையாகக் கிடந்தது. மேற்கே, திண்டிவனம் பக்கம், வானம் கறுத்திருந்தது. முஜீப் போன திசை அதுதான். ஹசீனா அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்ட முயன்றாள். முடியவில்லை. ஒரு ஷேர் ஆட்டோக்காரன் ஹாரனை விடாமல் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

"ரோட்டைப் பாருங்க, ஹசீனா" என்றார் பின்னாலிருந்து வக்கீல்.

---

இப்ராஹீம் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார். தங்கையோடு வகுப்பு எடுக்கும் வக்கீலே வந்திருப்பதைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அந்த டிரம்முல என்ன இருக்குதுண்ணே?"

"எந்த டிரம்மு?"

"அண்ணே!"

இப்ராஹீம் வக்கீலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "கல்லுன்னு சொன்னாங்க" என்றார்.

"தெரிஞ்சேவா அவர் வண்டியில ஏத்தி அனுப்பின?"

"பழம் பழுக்க வைக்கிற கல்லும்மா. ஊர் உலகத்துல போய்க்கிட்டுத்தான் இருக்குது. வெடிக்கும்னெல்லாம் எனக்கு யார் சொன்னா? வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணையா தெரியாது."

"ஜி.பி.எஸ்-ஐக் காட்டுங்க" என்றார் பிரியதர்ஷினி.

இப்ராஹீம் போனை நீட்டவில்லை. ஹசீனா பிடுங்கினாள். பிறந்ததிலிருந்து அண்ணன் கையிலிருந்து எதையும் அவள் பிடுங்கியதில்லை.

வரைபடத்தில் ஒரு சின்னப் பச்சை அம்பு. வந்தவாசி தாண்டி, சேத்துப்பட்டு ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. மணி பதினொன்று முப்பத்தைந்து.

பிரியதர்ஷினி தன் போனில் அவசர உதவிக்கு 112 அழுத்தினார்.

"மேடம், மேடம், ஒரு நிமிஷம்." இப்ராஹீம் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "முஜீப் போனை எடுத்துட்டா நாமளே டிரம்மை எறக்கி வச்சிடலாம். போலீஸ் எதுக்கு? ரசீது எழுதினது என் தங்கச்சி. அவ கையெழுத்து இருக்குது. அவளைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. நீங்க வக்கீல், உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்" என்றார் பிரியதர்ஷினி. போனைக் காதிலிருந்து எடுக்காமல் ஹசீனாவைப் பார்த்தார். "அவர் சொல்றது பொய் இல்ல, ஹசீனா. அபாயமான சரக்குன்னா டிரைவருக்கு எழுத்துல சொல்லணும். அந்த லைசென்ஸ் இருக்கிற டிரைவர்தான் ஓட்டணும். இது ஒண்ணும் நடக்கல. ரசீதுல இருக்கிறது உங்க கையெழுத்து."

"பேசுங்க மேடம்" என்றாள் ஹசீனா.

வக்கீல் லாரி நம்பரை, ரோட்டை, சரக்கை ஒவ்வொன்றாகச் சொன்னார். "தண்ணி வண்டி அனுப்பவே அனுப்பாதீங்க. கார்பைடு. மணல், டிரை பவுடர் அனுப்புங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

ஹசீனா இன்னொரு பக்கம் முஜீபுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். எட்டாவது தடவை. ஒன்பதாவது தடவை.

பச்சை அம்பு நின்றது.

"நின்னுட்டாரு." அண்ணனின் போனை வக்கீலிடம் காட்டினாள். "நிறுத்திட்டாரு மேடம். ஸ்டவ்..."

பத்தாவது தடவை. மணி அடித்தது. அடித்தது. அடித்தது.

"சலாம் அலைக்கும். என்ன ஹசீ, இத்தனை கால்?"

"ஸ்டவ்வைப் பத்த வச்சிட்டீங்களா?"

"என்னது?"

"ஸ்டவ்வு! பத்த வச்சீங்களா?"

"இல்லயே. லைட்டரைத் தேடிட்டிருக்கேன். இங்க செம மழை. ஏதோ நாத்தம் வேற வருது, எலி கிலி செத்துடுச்சோ..."

"எறங்குங்க. எதையும் தொடாதீங்க. எறங்கி ஓடுங்க."

"ஹசீ?"

பிரியதர்ஷினி போனை வாங்கினார். வகுப்பில் பேசுவதுபோலவே, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார். "நான் பிரியதர்ஷினி, வக்கீல். டிரம்முல இருக்கிறது கார்பைடு கல்லு. நீங்க மோந்து பார்த்தது கேஸ். இன்ஜின் ஆஃப்லதானே இருக்குது? சாவியைத் தொடாதீங்க. லைட் சுவிட்ச் போடாதீங்க. அப்படியே எறங்கி, காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருதோ அந்தப் பக்கமா நடந்து போங்க. தூரமா போனப்புறம் ரோட்டை மறிங்க."

கதவு திறக்கும் சத்தம். மழைச் சத்தம். ஓடும் காலடி. மூச்சு.

"எறங்கிட்டேங்க. தார்ப்பாய்க்கு அடியில உஸ்ஸுனு கேக்குது. வெள்ளையா புகை மாதிரி..." முஜீபின் குரல் உடைந்தது. "டீக்கடைக்காரங்க வர்றாங்க. பக்கெட்டுல தண்ணி எடுத்துட்டு வர்றாங்க."

ஹசீனா போனைப் பிடுங்கிக் கத்தினாள். "தண்ணி ஊத்த வேணாம்னு சொல்லுங்க! ஊத்தினா வெடிக்கும்!"

"யோவ்! ஊத்தாதீங்க! கிட்ட போகாதீங்கப்பா! ஏம்பா, திரும்புங்க, திரும்..."

போனில் வந்த சத்தம் வெடிச்சத்தம் மாதிரிகூட இல்லை. காதுக்குள் யாரோ தகரத்தைக் கிழித்தது போல ஒரு நொடி. அப்புறம் ஒன்றும் இல்லை.

லைன் அறுந்திருந்தது.

---

இருபத்தாறு நிமிஷம்.

அந்த இருபத்தாறு நிமிஷமும் ஹசீனா ஆபீஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. முஜீபின் போன் ஸ்விட்ச் ஆஃப். ஜி.பி.எஸ்ஸில் அம்பு சாம்பல் நிறமானதும் இப்ராஹீம் தன் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அவள் ஓதத் தொடங்கினாள். சிறு வயதிலிருந்து பாடமான குர்ஆன் சூராவின் நடுவில் வரி மறந்துபோயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

பிரியதர்ஷினி ஸ்டேஷன், தீயணைப்பு நிலையம், ஆம்புலன்ஸ் என்று மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "வண்டி போயிருக்கு மேடம், தகவல் வந்ததும் சொல்றோம்" என்ற ஒரே பதில்தான் வந்தது.

இப்ராஹீம் வெளியே போனார். உள்ளே வந்தார். மேசை டிராயரைத் திறந்தார். மறுபடி வெளியே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் யாரிடமோ போனில் குனிந்து பேசுவது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் விசாரிக்கிறார் என்று ஹசீனா நினைத்துக்கொண்டாள்.

மணி பன்னிரண்டு பத்துக்கு அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஹசீ..."

அவள் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினாள்.

"நான்தான். டீக்கடைக்காரர் போன்லேருந்து பேசறேன். என் போன் எங்கயோ விழுந்துடுச்சு. இடது கை முழங்கை வரைக்கும் எரிஞ்சிருக்கு. காது ஒண்ணு சரியா கேக்கல. வேற ஒண்ணும் இல்ல. வேற யாருக்கும் ஒண்ணும் இல்ல. அல்ஹம்துலில்லாஹ். நீ கத்தினது அவங்களுக்கே கேட்டுச்சாம். பக்கெட்டைப் போட்டுட்டு ஓடிட்டாங்க. மழைத்தண்ணியிலயே அது தானா வெடிச்சிடுச்சு."

அப்போதுதான் ஹசீனாவுக்கு அழுகை வந்தது. பிரியதர்ஷினி கீழே குனிந்து அவள் தலையில் கை வைத்தார்.

"கேபின் போயிடுச்சு, ஹசீ" என்றான் முஜீப். அவனுக்கே அதிசயமாக இருந்தது போலச் சொன்னான். "இருந்த இடமே தெரியல." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "போலீஸ்காரங்க வந்திருக்காங்க. கட்டுப் போட்டுட்டு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். ஏதோ மாதிரி பேசறாங்க. நானே டிரம்மை ஏத்தினேனான்னு கேக்கறாங்க. ரசீது டேஷ்போர்டுல இருந்துச்சு. அதான் எல்லாமே எரிஞ்சு போச்சே."

பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ போனை வாங்கிவிட்டார்கள்.

---

கால் மணி நேரத்தில் பிரியதர்ஷினியின் போன் அடித்தது. 112-க்குப் பேசிய நம்பர் என்பதால் அதற்கே கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"மேடம், சப்-இன்ஸ்பெக்டர் சிலம்பரசன் பேசறேன். நீங்கதான் தகவல் கொடுத்தீங்க. ரொம்ப நன்றி. ஒரு சின்னக் குழப்பம். அந்த லாரி ஆபீஸ் நம்பரை ஆர்.சி-லேருந்து எடுத்து ஓனர்கிட்ட அப்பவே பேசினோம். அவங்க புக் பண்ணினது உப்பு மட்டும்தானாம். டிரம் எதுவும் அவங்க ரசீதுல இல்லன்னு சொல்றாரு. டிரைவர் வழியில சொந்தமா ஏத்தியிருக்கலாம்னு சொல்றாரு. டிரைவர் இல்லன்னு சாதிக்கிறாரு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, டிரம்முல கார்பைடுன்னு?"

ஹசீனா மெல்லத் தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள்.

இப்ராஹீம் சுவரில் சாய்ந்து நின்றார். நெற்றியில் வேர்வை.

அவள் எழுந்துபோய் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள். ஆபீஸ் நகல்கள் வரிசையாக இருக்கும். நேற்றையது இருந்தது. இன்று காலையில் எழுதியது இல்லை. தையலோரம் காகிதத்தின் மெல்லிய பிசிறு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவரு பொழச்சாரா செத்தாரான்னு தெரியாம நான் தரையில உக்காந்திருந்தேனே" என்றாள். சத்தம் போடவில்லை. "அப்பவா இதைக் கிழிச்ச?"

"உனக்காகத்தான் கிழிச்சேன்." இப்ராஹீம் கெஞ்சினார். "உன் கையெழுத்தும்மா அது. அவன் ஆம்பளை, பத்து நாள் உள்ள இருந்துட்டு வெளிய வந்துடுவான். நீ போனா? நம்ம வீட்டுப் பொம்பளை ஸ்டேஷன், கோர்ட்டுன்னு..."

"எனக்காகவா?"

இப்ராஹீமின் கண் வாசல் பக்கம் போய் வந்தது. அண்ணன் பயந்து அவள் பார்த்ததே இல்லை. பெற்ற அத்தா இறந்த அன்றைக்குக்கூட நிமிர்ந்து நின்றவர். இப்போது அவர் பயப்படுவது போலீஸுக்கு இல்லை என்பது ஹசீனாவுக்கு மெல்லப் புரிந்தது. வேறு யாருக்கோ.

"ஹலோ? மேடம், லைன்ல இருக்கீங்களா?"

பிரியதர்ஷினி போன்மேல் கையை வைத்து மறைத்தார். "ஹசீனா, கேளுங்க. நான் உங்களுக்கு டீச்சர், உங்க வக்கீல் இல்ல. உங்களுக்குன்னு ஒரு வக்கீல் வச்சுக்கிட்டு அப்புறம் பேசலாம். அந்த உரிமை உங்களுக்கு இருக்குது. இப்ப நீங்க சொல்றது உங்களையும் மாட்டும்."

"நான் பேசலைன்னா இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள அவர் மேல எழுதிடுவாங்கல்ல?"

வக்கீல் ஹசீனாவை நேராகப் பார்த்தார். "எழுதலாம்."

ஹசீனா அவருடைய கையை எடுத்து ஓரமாக வைத்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், என் பேரு ஹசீனா. இப்ராஹீம் பாய் புக்கிங் ஆபீஸ் கிளார்க். அந்த டிரைவரோட சம்சாரம். டிரம்மு பதினாலும் எங்க ஆபீஸ்லதான் ஏத்தினது. காலையில ஆறரை மணிக்கு. ரசீது எழுதி, கையெழுத்து போட்டது நான். அந்த ரசீதோட போட்டோ என் போன்ல இருக்குது. இருபத்திரண்டு பேர் போன்லயும் இருக்குது. டிரம்முல என்ன இருக்குன்னு கேக்காம எழுதினேன். கேட்டிருக்கணும். என் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது."

மறுமுனையில் எழுதுகிற பேனாவின் கீச்சு மட்டும் கேட்டது.

"போட்டோவை இந்த நம்பருக்கே அனுப்புங்கம்மா. நீங்க நேர்ல வரவேண்டியிருக்கும்."

"வர்றேன் சார்."

"ஒண்ணு சொல்லுங்க. டிரம் யாரோடது?"

ஹசீனாவுக்குத் தெரியாது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் அண்ணனைப் பார்த்தாள்.

இப்ராஹீம் மேசையருகே வந்து கையை நீட்டினார். போனை அணைக்கப்போகிறார் என்று நினைத்து ஹசீனா அதைப் பின்னால் இழுத்தாள்.

"குடும்மா" என்றார் அவர். "நானே சொல்றேன்."

போனை வாய்க்கு மிக அருகில் கொண்டுபோனார். "சார், ஓனர் இப்ராஹீம். முன்ன உங்ககிட்ட சொன்னது பொய். டிரம் கௌதமனோடது. திண்டிவனம் ரோட்டுல குடோன் வச்சிருக்கான். ஆரணியில எறக்கச் சொன்னான். போன மாசம் முடியாதுன்னேன். நம்ம லாரி ராத்திரியில எங்க நிக்கும், எம் பொண்ணு எந்த பஸ்ல காலேஜ் போறா, எல்லாம் வரிசையா சொன்னான். சொல்லிட்டுச் சிரிச்சான். அதுக்கப்புறம் முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல." சொல்லி முடித்ததும் போனை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "முஜீபுகிட்ட மன்னிப்பு கேக்கக்கூட எனக்கு முகம் இல்ல, ஹசீனா."

என்ன ஏது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டவள் அவள். மன்னிக்கிற இடத்தில் அவளும் இல்லை.

மேசையில் கிடந்த இப்ராஹீமின் போன் அதிர்ந்தது. திரையில் பெயர். கௌதமன்.

மூவரும் அதைப் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

அடுத்து அடித்தது ஹசீனாவின் போன். பெயரில்லாத பத்து எண்கள். இப்ராஹீம் விரல்களை விலக்கி எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் வெளுத்துப்போயிற்று.

"அவன்தான். அவனோட இன்னொரு நம்பர். உன் நம்பரை நான் குடுக்கல, வல்லாஹி குடுக்கல. எடுக்காத, ஹசீனா."

சப்-இன்ஸ்பெக்டரின் லைன் இன்னும் அறுபடவில்லை. "என்னம்மா சத்தம் அங்க?" என்றது மேசைமேல் இருந்த குரல்.

"சார், கொஞ்சம் பேசாம கேளுங்க" என்றாள் ஹசீனா.

தன் போனை எடுத்து, வக்கீலின் போன் பக்கத்தில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சொல்லுங்க" என்றாள்.